நேரில் வந்து கூப்பிடணும்

மாஞ்சேரிப் பஞ்சாயத்தில் ஒன்பதாம் வார்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் அதிகம். மற்ற வார்டுகளில் கிராமசபை என்றால் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகும். வருகிறவர்கள் பரிப்புவடை தீர்ந்ததும் நழுவிவிடுவார்கள். வாக்காளர்களில் பத்துக்கு ஒருவராவது வந்து உட்கார்ந்தால்தான் கிராமசபை செல்லும். ஆள் குறைந்தால் பேசியதெல்லாம் டீக்கடைப் பேச்சுக்குச் சமம். ஒன்பதாம் வார்டில் மட்டும் ஆள் குறைந்து சபை கலைந்த சரித்திரமே நெடுநாள் இருந்ததில்லை. ஆரம்பப் பள்ளியான எல்.பி. ஸ்கூல் பெஞ்சில் இடம் பிடிக்கவே அங்கே சண்டை நடக்கும். தெருவிளக்கும் அங்கன்வாடிக் கூரையும் அப்படி வாங்கியவைதான்.

இதற்குக் காரணம் மெம்பர் விலாசினி. அவள் ஆட்டோ விடுவதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் போவாள். உட்காருவாள். கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவில் பாதியைக் குடிப்பாள். முட்டிவலியை விசாரிப்பாள், மருமகள் ஊரிலிருந்து வந்தாளா என்று கேட்பாள். எழுந்து வாசலுக்கு வந்த பிறகுதான், "ஞாயித்துக்கிழமை கிராமசபை. கட்டாயம் வரணும்" என்பாள். அதற்குப் பிறகு வராமலிருக்க ஒரு மாஞ்சேரிக்காரனுக்கு மனசு வராது.

இப்படி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த வார்டில்தான் பொன்கதிர் ரெசிடென்சி எழும்பியது. வயலைத் தூர்த்துக் கட்டிய மூன்று கோபுரங்கள். நெல்லைப் புதைத்துவிட்டு நெல்லின் பெயரையே வைத்த அந்த பில்டருக்குக் கூச்சம் என்பது கிடையாது போலிருக்கிறது. ஒவ்வொரு கோபுரத்திலும் வயலை ஒட்டிய பழைய குடியிருப்பான வாய்க்கால்கரை முழுவதையும் கொட்டினாலும் நிரம்பாத அளவுக்கு வீடுகள். காலையில் அவர்களுடைய கார்கள் சாலைக்கு வந்தால் பஸ் அசையாது. துணைச் சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு நர்ஸ், குழந்தைக்கு ஊசி போட வரிசை கேட்டுக்கு வெளியே நீளும். மழை பெய்தால் முன்பு வயலில் நின்ற தண்ணீர் இப்போது வாய்க்கால்கரை அடுக்களைகளில் நிற்கும்.

நல்லதும் இல்லாமல் இல்லை. வாய்க்கால்கரைப் பெண்கள் பாதிப் பேருக்கு அந்த ஃபிளாட்டுகளில்தான் வேலை. வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த விலாசினியின் கணவன் சுகதனுக்கும், வயல் போனபின் அந்த கேட்டில்தான் காவல் வேலை கிடைத்தது. தொப்பியும் விசிலும் வைத்த நீலச் சட்டையில் அவன் பார்க்க நன்றாகவே இருந்தான். விலாசினியே அந்தச் சட்டைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுப்பாள்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில்தான் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் முதலில் இருப்பது பொன்கதிர், கடைசியில் இருப்பது வாய்க்கால்கரை. பொன்கதிரின் நிலத்தடித் தொட்டிகள் நிறைந்து முடிகிறவரை வாய்க்கால்கரைக் குழாய்களில் காற்றுதான். அங்கே குடியிருக்கும் ரம்லத் விலாசினியிடம் சொல்வாள்: "பைப்பைத் திறந்தா விசில் அடிக்குது சேச்சி. பஸ் வந்துட்டுதோன்னு பையைத் தூக்கிட்டு ஓடறேன்." சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவள் குடத்தோடு அடுத்த வார்டுக் கிணற்றுக்கு நடந்துவிட்டுத்தான் ஃபிளாட் வேலைக்குப் போவாள். தாமதமாக வந்ததற்கு அங்கே திட்டும் வாங்குவாள்.

தொட்டியிலிருந்து வாய்க்கால்கரைக்கு நேராக ஒரு தனிக் குழாய் போட்டால் தீர்ந்தது. கிராமசபையில் அதை எழுதிப் பஞ்சாயத்துத் திட்டத்தில் ஏற்ற வேண்டும். அது ஒரு பெரிய காரியமா என்றுதான் விலாசினி நினைத்தாள். வழக்கம்போல வீடு வீடாகப் போனாள், வழக்கம்போல ஸ்கூல் நிறைந்தது. பஞ்சாயத்திலிருந்து வந்த அதிகாரி தலைகளை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு கையை விரித்தார். பொன்கதிர்க்காரர்கள் எல்லோரும் வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தார்கள். பத்துக்கு ஒருவர் என்பது வீங்கிப்போய்விட்டது. கோபுரங்களிலிருந்து ஒரு தலையும் வரவில்லை. ஒத்திவைத்த கூட்டத்தன்று மழை கொட்டி ஸ்கூலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. குழாய் அந்த வருஷத் திட்டத்திலிருந்து விழுந்துவிட்டது.

மறுநாள் காலை வாய்க்கால்கரைப் பெண்கள் காலிக் குடங்களோடு விலாசினியின் முற்றத்தில் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். ரம்லத் மட்டும் பேசினாள்.

"கட்சியைப் பாத்து நாங்க ஓட்டுப் போடல சேச்சி. உங்களைப் பாத்துதான் போட்டோம்."

விலாசினிக்குச் சுருக்கென்றது. "அடுத்த கிராமசபையில இந்த பைப்பு பாஸாகணும். ஆகலைன்னா அன்னைக்கே நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துடுவேன். நான் சொன்னா சொன்னதுதான்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று உறைத்தது. ஆனால் விலாசினி சொன்னதைத் திரும்ப வாங்குகிறவள் இல்லை.

பொன்கதிர்க்காரர்கள் ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பணத்திமிர், வேறென்ன? லாரியில் தண்ணீர் வாங்கிக் குளிப்பவர்களுக்குப் பஞ்சாயத்து எதற்கு? விலாசினியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் நெஞ்சுக்குள் வேறொரு முள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கலைந்துபோன அந்தக் கிராமசபைக்கு முன்னால் அவள் நோட்டீஸ் கட்டோடு பொன்கதிருக்குப் போனாள். கேட்டில் சுகதன். அவன் பின்னால் நாற்காலி போட்டு சூப்பர்வைசர். பொன்கதிரில் ஒரு விதி உண்டு. குடியிருப்பவர்களும் அவர்களுடைய விருந்தாளிகளும் பளிங்கு போட்ட முன் லிஃப்டில் போகலாம். வேலைக்கு வருபவர்கள், சாமான் கொண்டு வருபவர்கள், ஊர்க்காரர்கள் எல்லாம் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே இருக்கும் சர்வீஸ் லிஃப்டில்தான். சுகதன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரின் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "சர்வீஸ் லிஃப்ட் அந்தப் பக்கம், மேடம்" என்றான்.

குப்பைத் தொட்டியைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்த 'மேடம்' அவளுக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கேட்டு நிற்கும் இடத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவள் அவள். அவளைக் காதலித்து, இரண்டு வீட்டாரையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டவன் அவன். நோட்டீஸ் கட்டை அவன் மேஜையில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். இனி அந்தப் படியை மிதிப்பதில்லை என்று முடிவுகட்டினாள். நோட்டீஸ்கள் அசோசியேஷன் பலகையில் ஒட்டப்பட்டு, அடுத்த நாள் யோகா வகுப்பு விளம்பரத்துக்கு அடியில் போயின.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு இருக்கிறது என்பதை அவள் பானையிடம் சொல்வாள். மீன் வறுத்திருக்கிறேன் என்பதைப் பூனையிடம் சொல்வாள். "கேட்டுக்காரங்க சாப்பிட்டா பாத்திரம் கழுவிடலாம்" என்று சுவரிடம் சொல்வாள். சுகதன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். நீலச் சட்டைக்கு இப்போது அவனே இஸ்திரி போட்டுக்கொண்டான். காலர் எப்போதும் ஒரு பக்கம் மடங்கியே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரக்கும். ஆனாலும் தொடமாட்டாள்.

புது வருஷத் திட்டத்துக்கான கிராமசபைத் தேதி அறிவித்ததும் விலாசினிக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ரம்லத் ஒரு செய்தியோடு வந்தாள். அவள் வேலை செய்யும் வீடு ஏழாவது மாடியில் கேப்டன் ஈப்பனுடையது. கப்பல் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், மனைவி இல்லை, பேச ஆளில்லாததால் ரம்லத்தோடு சண்டை போட்டுப் பொழுதைக் கழிப்பவர். அன்று ரம்லத் தாமதமாகப் போயிருக்கிறாள். அவர் திட்டியிருக்கிறார். அவளும் பொறுக்கமாட்டாமல், கிராமசபைக்கு வந்திருந்தால் எங்களுக்குத் தண்ணீர் வந்திருக்கும், நானும் நேரத்துக்கு வந்திருப்பேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு அவர் குதித்த குதியைத்தான் ரம்லத் நடித்துக் காட்டினாள்.

"'எவன் என்னைக் கூப்பிட்டான்? வாட்ச்மேன் மேஜையில நோட்டீஸை வீசிட்டுப் போறதுக்குப் பேரு கூப்பிடறதா? என் வீட்டுப் படி ஏறி, ஈப்பா வாடான்னு ஒருத்தர் சொன்னாங்களா? கூப்பிடாத இடத்துக்குப் போய் நிக்க நான் என்ன சோத்துக்கு அலையறவனா?'ன்னு கேக்கறாரு சேச்சி. எதிர் ஃபிளாட்டு டீச்சரும் அதையேதான் சொன்னாங்க. இந்த ஊர்க்காரங்களுக்கு எங்களைக் கண்டா ஆகாதுன்னு."

விலாசினிக்குச் சித்தப்பா மகன் நினைவுக்கு வந்தான். அவன் தன் மகள் கல்யாணத்துக்குப் போனில் கூப்பிட்டான் என்பதற்காக இன்றுவரை அவன் வீட்டுப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் அவள். கோட்டயத்துக்காரனானாலும் கொல்லத்துக்காரனானாலும், ஏழாவது மாடியில் இருந்தாலும் மலையாளி மலையாளிதானே. நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லாத இடத்துக்கு எவன் போவான்? இவர்கள் அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று நினைக்க, அவர்கள் இவர்களை அப்படியே நினைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பு தன் மேல்தான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை வெளியே சொல்ல அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. அங்க வேலை பாக்கற எல்லாரும் என்கூட வாங்க. எந்தக் கதவு யாரோடதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள். பிறகு ரம்லத்தின் சாயம்போன நைட்டியைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "கல்யாணத்துக்குப் போறப்ப உடுத்தறதை உடுத்திட்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால்கரையிலிருந்து அவர்கள் கிளம்பிப் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். விலாசினி பொன்கரை போட்ட கசவுப் புடவையில். ரம்லத் பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சுரிதாரிலும் சரிகை போட்ட தட்டம் என்ற முக்காட்டிலும். கொச்சுத்ரேசியா தேவாலயத் திருநாளுக்கு மட்டும் எடுக்கும் பட்டில். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் பூவும் கையில் குடையுமாக. பெண் வீட்டார் புறப்பட்டது மாதிரி இருந்தது.

கேட்டில் சுகதன் எழுந்து நின்றான். காலர் மடங்கித்தான் இருந்தது. சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, வேலைக்காரர்கள் இந்தப் பக்கம் கூட்டம் போடக் கூடாது, பின்னால் போங்கள் என்றான்.

"இன்னைக்கு நாங்க வேலைக்கு வரல" என்றாள் விலாசினி. "கூப்பிட வந்திருக்கோம்."

சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் கல்யாணம் என்று கேட்டான். பெண்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அவன் முகம் சிவந்து, விதி விதிதான், சர்வீஸ் லிஃப்ட் என்றால் சர்வீஸ் லிஃப்ட்தான் என்று குரலை உயர்த்தினான். அப்போது சுகதன் இன்டர்காமை எடுத்தான். ஏழாவது மாடிக்கான எண்ணை அழுத்தினான்.

"கேப்டன் சார், கேட்டுலருந்து பேசறேன். மாஞ்சேரி மெம்பர் உங்களைக் கூப்பிட வந்திருக்காங்க. உங்க விருந்தாளிங்க. முன் லிஃப்ட்ல அனுப்பறேன்."

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வருவதற்குள் அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தான். பளிங்குத் தரையில் அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் பொத்தானை அழுத்தி, கதவு மூடாதபடி கையை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். பெண்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். விலாசினி கடைசியாக ஏறினாள். எதிரே கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படி என்று புடவைக் கரையைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள். கதவு மூடியது.

"நாலு வருஷமா இங்க வேலை பாக்கறேன்" என்றாள் ரம்லத், கண்ணாடியில் தட்டத்தைத் திருத்திக்கொண்டு. "இவ்ளோ பெரிய கண்ணாடி இருக்கறது இன்னைக்குத்தான் தெரியுது."

கேப்டன் ஈப்பன் கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் யாரென்று தெரியாமல் ரம்லத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் சோஃபாவில் உட்காரச் சொன்னார். தினம் தூசு தட்டும் சோஃபாவில் ரம்லத் முதன்முறையாக உட்கார்ந்தாள், முதலில் நுனியில், அப்புறம் நன்றாகச் சாய்ந்து. டீ போடுகிறேன் என்று கேப்டன் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். சர்க்கரை எங்கே என்று அங்கிருந்து கத்தினார்.

"மேல் தட்டுல நீல டப்பா சார்" என்றாள் ரம்லத். எழுந்திருக்கவில்லை.

டீயில் சர்க்கரை கூடியிருந்தது. விலாசினி பாதி குடித்தாள், கப்பல் அனுபவங்களைக் கேட்டாள், அவருடைய இரத்த அழுத்தத்தை விசாரித்தாள். வாசலுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். "போன தடவை வந்து சொல்லாதது என் தப்பு சார். இந்தத் தடவை கட்டாயம் வரணும்." கேப்டன் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ஃபிளாட்டின் மணியைத் தானே அடிக்கப் போனார்.

அன்று மாலைவரை அவர்கள் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். எல்லாக் கதவும் திறந்தது என்று சொல்ல முடியாது. ஒருவர் இதை ஆன்லைனில் வைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆனால் திறந்த வீடுகளில் கேட்டதுதான் விலாசினியைத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், லாரி வராத நாளில் குழந்தையைக் குளிப்பாட்டவே தண்ணீர் இல்லை என்றாள். வாய்க்கால்கரைக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுவதாக அசோசியேஷனில் பேசிக்கொள்கிறார்கள் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மோட்டாரா?" என்றாள் கொச்சுத்ரேசியா. "எங்க வீட்டுல மிக்ஸியே ஓட மாட்டேங்குது மோளே."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தொட்டியும் குழாயும் கட்டியது வார்டில் வயல் இருந்த காலத்தில், அன்றைய ஆள்களுக்கு. இன்று அதே தொட்டி மூன்று கோபுரங்களையும் சுமக்கிறது. யாரும் யாருடைய தண்ணீரையும் குடிக்கவில்லை. இருவருக்கும் போதவில்லை, அவ்வளவுதான். நடுவில் நின்றது ஒரு சுவர். அதன் இரண்டு பக்கமும் மனிதர்கள் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிராமசபையன்று எல்.பி. ஸ்கூல் திணறியது. பொன்கதிர்க்காரர்கள் முதலில் வாசலருகே ஒட்டி நின்றார்கள். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை போடும் ஒன்பதாம் வார்டுக்காரர்கள் அன்று எழுந்து இடம் கொடுத்தார்கள். அதைச் சொல்லும்போது இப்போதும் வார்டில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் உயரும். கேப்டன் ஈப்பன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து, ரம்லத் கொடுத்த பரிப்புவடையைத் தின்றார்.

விஷயம் சும்மா முடியவில்லை. அசோசியேஷன் செயலாளர் பிரமோத் எழுந்து, தனிக் குழாய் போட்டால் எங்களுக்கு வருவதும் குறையுமே என்று கேட்டார். வாய்க்கால்கரைப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. விலாசினி அதைக் கையமர்த்தினாள். அவர் கேட்டது நியாயம்தான் என்றாள். குழாய் மட்டும் போதாது, பெரிய தொட்டியும் வேண்டும், இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதுவோம் என்றாள். குழாய்க்கு வாய்க்கால்கரை அலையட்டும், தொட்டிக்குப் பொன்கதிர் அலையட்டும், பஞ்சாயத்து வாசலில் சேர்ந்து நிற்போம் என்றாள். பிரமோத் யோசிக்க வேண்டும் என்றார். கேப்டன் அந்தக் குட்டி பெஞ்சிலிருந்தே, யோசிக்கறதை நின்னுட்டே யோசிக்காதே, உக்காந்து யோசி என்றார். பிரமோத்தே சிரித்துவிட்டார். இப்படி ஏற்றமும் இறக்கமுமாகப் பேசி, கடைசியில் எதிர்ப்பு என்று ஒரு கையும் எழவில்லை.

அதிகாரி முடிப்பதற்கு முன் தலைகளை எண்ணினார். பேச்சு நீண்டதில் சிலர் பிள்ளைகளின் டியூஷனுக்கும் டியூட்டிக்கும் எழுந்து போயிருந்தார்கள். அவர் ஒரு வரிசையை மறுபடி எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன தடவையும் அவர் இப்படித்தான் துடைத்தார் என்பது விலாசினிக்கு நினைவு வந்தது.

"மெம்பரே, ஒரு ஆள் குறையுது" என்றார் அவர். "ஒரே ஒரு ஆள். நான் என்ன பண்ண?"

போனவர்களை போனில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் மத்தாயிக்கு ஓட்டு அடுத்த வார்டில். தெருவில் போகிற இரண்டு பேரும் அதே அடுத்த வார்டு. அதிகாரி பையின் ஜிப்பை இழுக்கத் தொடங்கினார். விலாசினி நின்ற இடத்திலேயே நின்றாள். ரம்லத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று மாலை எழுத வேண்டிய ராஜினாமாவின் முதல் வரி தலைக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

"சேச்சி" என்றாள் ரம்லத் அவள் காதோரம். "டீக்கடை பெஞ்சைப் பாருங்க."

மத்தாயியின் கடை பெஞ்சில் நீலச் சட்டையோடு சுகதன். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தானோ, கையில் ஆறிப்போன கிளாஸ். சபை பக்கமே முகத்தைத் திருப்பாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில நாளாக ராத்திரி டியூட்டிக்குத்தானே போகிறார், பகலில் தூங்காமல் இங்கே ஏன் என்று விலாசினி கேட்டாள்.

"அந்த ராத்திரி டியூட்டி ஏன்னு தெரியுமா? அன்னைக்கு நம்மள முன் லிஃப்ட்ல ஏத்தினதுக்கு அவரைப் பின் கேட்டுக்கு மாத்திட்டாங்க சேச்சி. குப்பை வண்டி வர்ற கேட்டு. ராத்திரி ஷிஃப்ட். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

கோபுரத்தில் விலாசினி எத்தனை கதவு தட்டினாள், எத்தனை வீட்டில் பாதி டீ குடித்தாள். சொந்த வீட்டில், தினம் அவள் கைச்சோறு சாப்பிடுகிறவனிடம், கிராமசபைக்கு வாங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அவனும் மாஞ்சேரிக்காரன்தான். கூப்பிடாத இடத்துக்கு எப்படி வருவான்?

அவள் ஸ்கூல் படியிறங்கினாள். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. வாய்க்கால்கரையும் பொன்கதிரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. பஞ்சாயத்து அதிகாரி ஜிப்பைப் பாதியில் நிறுத்தினார். அத்தனை பேர் பார்க்க விலாசினி சாலையைக் கடந்து, டீக்கடை பெஞ்சின் முன்னால் போய் நின்றாள். சுகதன் எழுந்தான். காலர் மடங்கியிருந்தது. அவள் முதலில் அதை நிமிர்த்திவிட்டாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஒன்பதாம் வார்டு கிராமசபைக்கு உங்களைக் கூப்பிட வந்திருக்கேன். போன தடவை நீங்க மேடம்னு சொன்னதும் தப்பு, அதுக்காக இத்தனை நாள் நான் வாயைத் திறக்காததும் தப்பு. கட்டாயம் வரணும்."

சுகதன் கிளாஸை மத்தாயியிடம் கொடுத்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். கண்ணில் நிறைந்து நின்றதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். சாலைக்கு அப்பால் ஜன்னல் முழுக்கத் தெரிந்த தலைகளை ஒருமுறை பார்த்தான். முகத்தில் பழைய வயல்கரைக் குறும்பு எட்டிப் பார்த்தது.

"வரேன். எந்த வழியா வரணும் மெம்பரே? முன் வாசலா, பின் வாசலா?"

"முன் வாசல்தான்" என்றாள் விலாசினி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "என்கூட."